ஈகை, கடன், நட்டஈடு: காலநிலை நிதிப் பேச்சுவார்த்தைகளின் சொல்வரலாறு பற்றிய சில குறிப்புகள்

சர்வதேச உடன்படிக்கைகளை இலக்கிய மாணவர்கள் பொதுவாக வாசிப்பதில்லை. அவை சட்டத்துறையினருக்கும் பொருளியலாளருக்கும் உரியவை என்னும் எண்ணம் நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியுள்ளது. எனினும், ஒரேயொரு சொல்லின் பொருட்டு ஏறத்தாழ இருநூறு அரசுகளின் பிரதிநிதிகள் விடியும்வரை விழித்திருந்து வாதிடுவதை வேறெந்த எழுத்துவகையிலும் காண்டல் அரிது. செய்யுளில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஓசை கெடும். இவ்வுடன்படிக்கைகளில் ஒரு சொல் பிறழ்ந்தால் யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதே மாறிவிடும். காலநிலை மாற்றத்தின் பொருட்டுச் செல்வந்த நாடுகள் வறிய நாடுகளுக்குக் கொடுக்கும் அல்லது கொடுப்பதாகக் கூறும் பணம் எத்தகையது என்னும் வினா 1970களின் தொடக்கம் முதல் எவ்வாறு எழுப்பப்பட்டது, எவ்வாறு மழுப்பப்பட்டது என்பதைச் சொற்களின் வழிநின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணம் கைமாறுவதைக் குறிக்கத் தமிழில் உள்ள மூன்று சொற்களை முதலில் மனங்கொள்ளுதல் பயன்தரும். முதலாவது ஈகை. கொடுப்பவன் புரவலன், பெறுபவன் இரவலன் என்னும் உறவுக்குள் நிகழ்வது அது. எவ்வளவு, எப்போது, எவருக்கு என்பனவெல்லாம் புரவலனின் உளப்பாங்கைப் பொறுத்தவை, புகழ் அவனுக்குரியது. திருக்குறள் ஈகையை அறத்துப்பாலில் இல்லறத்தானுக்குரிய பண்பாக வைக்க, இரவும் இரவச்சமும் பொருட்பாலின் இறுதிப்பகுதிக்குத் தள்ளப்பட்டமை தற்செயலன்று. இரண்டாவது கடன். இச்சொல் திருப்பிக் கொடுக்கவேண்டிய பணத்தையும் ஒருவன் செய்தே தீரவேண்டிய கடமையையும் ஒருசேரக் குறிப்பது. பழந்தமிழில் இரண்டாவது பொருளே மேலோங்கி நின்றது. மூன்றாவது நட்டஈடு. இங்கு கொடுப்பவன் புரவலனுமல்லன், வட்டிக்காரனுமல்லன், தீங்கிழைத்தவன். அரை நூற்றாண்டுக் காலப் பேச்சுவார்த்தைகளின் வரலாறு, வறிய நாடுகள் மூன்றாவது சொல்லை நோக்கி நகர முயன்றதும், செல்வந்த நாடுகள் அவற்றை முதலாவது சொல்லில் நிறுத்திவைத்து நடைமுறையில் இரண்டாவதைச் செயற்படுத்தியதுமான வரலாறு எனலாம்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் இலங்கையர் ஒருவர் இருக்கிறார். 1972ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோமில் நடைபெறவிருந்த மனிதச் சுற்றாடல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாட்டுக்கு ஆயத்தமாக, 1971 யூன் மாதத்தில் சுவிற்சர்லாந்தின் ஃபூனே என்னும் சிற்றூரில் நிபுணர் குழுவொன்று கூடியது. அதற்குத் தலைமை தாங்கியவர், பின்னர் 1974 முதல் 1984 வரை ஐக்கிய நாடுகள் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டின் செயலாளர் நாயகமாக விளங்கிய காமினி கொறயா. கைத்தொழில் நாடுகளின் சுற்றாடற் பிரச்சினை மிகையான வளர்ச்சியினால் விளைந்தது. வறிய நாடுகளின் பிரச்சினையோ வளர்ச்சியின்மையினால், வறுமையினால் விளைந்தது என்பதே அக்குழுவின் அறிக்கை முன்வைத்த அடிப்படை வாதம். சுற்றாடலின் பெயரால் செலவு ஏதும் ஏற்படின் அது ஏற்கெனவே கிடைக்கும் அபிவிருத்தி உதவியிலிருந்து வெட்டியெடுக்கப்படலாகாது என்னும் அச்சமும் அக்காலத்திலேயே வெளிப்பட்டது. அவ்வச்சமே ‘மேலதிகம்’ என்ற சொல்லாக உருவெடுத்தது. ஸ்டொக்ஹோம் பிரகடனத்தின் 12ஆவது கோட்பாடு மேலதிகத் தொழில்நுட்ப, நிதி உதவி பற்றிப் பேசுகிறது. ஆனால் எதற்கு மேலதிகம் என்பதை அது கூறவில்லை. அவ்வாண்டு தொட்டு இன்றுவரை எந்த உடன்படிக்கையும் அதைக் கூறவில்லை.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் இல்லாமலிருக்கவில்லை. 1970 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம், செல்வந்த நாடு ஒவ்வொன்றும் தனது மொத்தத் தேசிய உற்பத்தியின் 0.7 சதவீதத்தை 1970களின் நடுப்பகுதிக்குள் அபிவிருத்தி உதவியாக வழங்கத் தன்னாலான முயற்சியைச் செய்யும் என்றது. ஐக்கிய அமெரிக்கா இந்த இலக்கை ஒருபோதும் ஏற்கவில்லை. ஏற்றவற்றுள்ளும் பெரும்பாலானவை நிறைவேற்றவில்லை: 2023இல் உதவி வழங்கும் நாடுகளின் சராசரி 0.37 சதவீதம், இலக்கைத் தொட்டவை ஐந்து நாடுகள் மாத்திரமே. அடித்தளமே நிரம்பாதவிடத்து அதற்கு மேலதிகமாக எதை ஊற்றுவது?

1974இல் பொதுச்சபையின் விசேட கூட்டத்தொடர் புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கு பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியது. 1976 ஓகஸ்டில் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சிமாநாடு அக்கோரிக்கையை மீளவும் வலியுறுத்தியது. அன்று மூன்றாம் உலக நாடுகள் கேட்டது உதவியன்று. மூலப்பொருள்களுக்கு நியாயமான விலை, தமது வளங்கள்மீது இறைமை, உலகப் பொருளாதாரத்தின் அமைப்பையே மாற்றுதல் என்பவை. இக்கோரிக்கைகள் தேசிய முதலாளித்துவத்தின் வரம்புக்குட்பட்டவை என்ற விமர்சனம் அன்றே இடதுசாரிகளிடையே எழுந்தது, அவ்விமர்சனம் தவறன்று. எனினும் அவை இரவலரின் மொழியில் எழுதப்படவில்லை என்பதை மறுத்தல் இயலாது. 1982 ஓகஸ்டில் மெக்சிக்கோ தனது கடனைச் செலுத்த இயலாதென அறிவித்ததைத் தொடர்ந்து வெடித்த கடன் நெருக்கடி, அந்த மொழியைப் பேசியோரின் நாவை அடக்கியது. சர்வதேச நாணய நிதியத்தின் வாயிலில் வரிசையில் நிற்கும் அரசொன்று உலக ஒழுங்கை மாற்றுவது பற்றிப் பேசுதல் கடினம். காலநிலைப் பேச்சுவார்த்தை தொடங்கியது இத்தகைய ஒரு காலகட்டத்திலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1988இல் அரசாங்கங்களுக்கிடையிலான காலநிலை மாற்றக் குழு அமைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே மாலைதீவின் சனாதிபதி பொதுச்சபையில் தம் நாடு கடலில் அமிழும் அபாயத்தைப் பற்றிப் பேசியிருந்தார். 1989 நவம்பரில் சிறு தீவு நாடுகள் மாலேயில் கூடின. அடுத்த ஆண்டு ஜெனீவாவில் அவை ஒரு கூட்டணியாக அமைந்தன. இதே காலத்தில் ஓசோன் படலம் பற்றிய மொன்றியல் உடன்படிக்கையின் திருத்தம் 1990 யூனில் லண்டனில் பேசப்பட்டது. குளிரூட்டிகளில் பயன்படும் வாயுக்களைக் கைவிடும் செலவைச் செல்வந்த நாடுகள் ஏற்காவிட்டால் உடன்படிக்கையில் சேரப்போவதில்லை என இந்தியாவும் சீனாவும் நின்றன. அமெரிக்கா முதலில் மறுத்து, பின் இணங்கியது. பல்தரப்பு நிதியமொன்று பிறந்தது. ஆனால் அந்நிதியத்தை நிறுவும் 10ஆவது உறுப்புரையின் கடைசிப் பந்தி வாசிக்கத்தக்கது: இவ்வேற்பாடு வேறு சுற்றாடல் விடயங்கள் தொடர்பில் எதிர்காலத்தில் செய்யப்படக்கூடிய ஏற்பாடுகளைப் பாதிக்காது என்கிறது அது. வரப்போகும் காலநிலைச் சமவாயத்துக்கு இது முன்னுதாரணமாகிவிடலாகாது என்பதே அதன் உட்பொருள். நிதியம் பிறந்த அதே பக்கத்திலேயே அதற்குத் தம்பி பிறக்கலாகாது என்று எழுதிவைத்தனர்.

இனி, இவ்வரலாற்றில் யான் மிக முக்கியமானதெனக் கருதும் ஆவணத்துக்கு வருவோம். காலநிலைச் சமவாயத்தை வரைவதற்கான குழு 1991 பெப்ரவரியில் பணியைத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே, சிறு தீவு நாடுகளின் கூட்டணி சார்பில் வனுவாத்து ஒரு முன்மொழிவைச் சமர்ப்பித்தது. கடல்மட்ட உயர்வினால் நிலமும் உடைமையும் இழப்போருக்கு ஈடுசெய்யச் சர்வதேசக் காப்புறுதி நிதியமொன்று அமைக்கப்படவேண்டும். அதற்குச் செல்வந்த நாடுகள் பங்களிக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு நாட்டின் பங்கையும் எவ்வாறு கணிப்பது? அரைவாசி அந்நாட்டின் தேசிய உற்பத்திக்கு ஏற்ப. மற்றை அரைவாசி அது வெளியிடும் காபனீரொட்சைட்டின் அளவுக்கு ஏற்ப. அதாவது கொடுக்கும் ஆற்றலும் இழைத்த தீங்கும் ஒரே தராசில் வைக்கப்பட்டன.

இச்சூத்திரம் தீவு வாசிகளின் கற்பனையில் உதித்ததன்று. அணுசக்தி விபத்துகளினால் மூன்றாம் தரப்பினருக்கு நேரும் பாதிப்புத் தொடர்பாக மேற்கு ஐரோப்பிய நாடுகள் 1963இல் பிரசல்சில் செய்துகொண்ட துணைச் சமவாயத்திலிருந்து எடுக்கப்பட்டது அது. அங்கு அரைவாசி தேசிய உற்பத்திக்கும் அரைவாசி அணு உலைகளின் வெப்ப ஆற்றலுக்கும் ஏற்பப் பங்கிடப்பட்டது. தம்முள் ஓர் ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளும்போது செல்வந்த நாடுகள் நியாயமானதெனக் கொண்ட விதியை வனுவாத்து அவற்றிடமே திருப்பி நீட்டியது. கடல் குறித்த மட்டத்துக்கு உயர்ந்த பின்னரே நிதியம் கொடுப்பனவைத் தொடங்கும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அச்சமூட்டிப் பணம் பறிக்கும் முயற்சி என எவரும் கூறவியலாத அளவுக்கு அது நிதானமாக வரையப்பட்டிருந்தது.

இம்முன்மொழிவின் அரசியல் நுட்பம் யாதெனில், எந்தப் புகைபோக்கியின் புகை எந்த அலையை உயர்த்தியது என்று நிரூபிக்கும் தேவையை அது நீக்கியமையே. தொழிற்சாலையில் கையிழந்த தொழிலாளி முதலாளியின் தவறை வழக்காடி நிரூபிக்கவேண்டியிருந்த நிலையை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்கள் மாற்றின. அவை முதலாளிகளின் கருணையால் வந்தவையல்ல என்பதை இவ்விதழின் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. அத்தகைய ஒரு பாய்ச்சலையே வனுவாத்து நாடுகளுக்கிடையிலான உறவில் கோரியது. ஆனால் தொழிலாளியிடம் வேலைநிறுத்தம் என்ற ஆயுதம் இருந்தது. 1990இல் இந்தியாவிடமும் சீனாவிடமும் பெருஞ்சந்தையும் எதிர்கால உற்பத்தி ஆற்றலும் இருந்தன. கொப்பரையும் மீனும் ஏற்றுமதி செய்யும் தீவுக்கூட்டத்திடம் என்ன இருந்தது?

முன்மொழிவு நிராகரிக்கப்பட்டது. 1992 மே 9ஆம் திகதி ஏற்கப்பட்டு, யூனில் ரியோ டி ஜெனீரோவில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட சமவாயத்தில் அதன் எச்சமாக ஒரு சொல் மாத்திரம் உண்டு: 4ஆம் உறுப்புரையின் 8ஆம் பந்தியில் ‘காப்புறுதி’. அதே பந்தி பாதிக்கப்படக்கூடிய நாடுகளைப் பட்டியலிடுகையில் சிறு தீவுகளோடு தொடங்கி, எண்ணெய், நிலக்கரி வருமானத்தில் தங்கியுள்ள நாடுகளையும் சேர்த்துக்கொள்கிறது. மூழ்குபவனும் எண்ணெய் விற்பவனும் ஒரே வாக்கியத்தில் பாதிக்கப்பட்டோராய் நிற்கின்றனர். 77 நாடுகள் குழுவின் ஒற்றுமைக்குக் கொடுக்கப்பட்ட விலை இது.

சமவாயத்தின் நிதி ஏற்பாடுகள் வெறுமையானவையல்ல. இரண்டாவது இணைப்பில் பெயர் குறிக்கப்பட்ட செல்வந்த நாடுகள் ‘புதிய, மேலதிக’ நிதியை வழங்கியாக வேண்டும் என அது விதிக்கிறது. வறிய நாடுகள் தம் கடப்பாடுகளை எவ்வளவுக்கு நிறைவேற்றும் என்பது செல்வந்த நாடுகள் தம் கடப்பாட்டை எவ்வளவுக்கு நிறைவேற்றுகின்றன என்பதைப் பொறுத்தது என 7ஆம் பந்தி கூறுகிறது. தம் நிதிக் கடப்பாட்டை இவ்வளவு வெளிப்படையாக எழுத்தில் ஒப்புக்கொண்ட இடங்கள் அரியவை. ஆயினும் வாயுவெளியீட்டைத் தணிப்பதற்கு ‘இணங்கப்பட்ட முழு மேலதிகச் செலவு’ என்று கூறும் அச்சமவாயம், மாற்றத்துக்கு இசைவாக்கம் பெறும் செலவைப் பற்றிப் பேசுகையில் ‘உதவவேண்டும்’ என்பதோடு நின்றுவிடுகிறது. தணிப்பினால் உலகு முழுவதும் நன்மை பெறும், செல்வந்த நாடுகளும் உட்பட. கரையோரக் கிராமத்துக்கு அணைகட்டுவதால் அக்கிராமமே நன்மை பெறும். பணம் எப்பக்கம் பாயும் என்பது வாசகத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. சமவாயத்தின் கீழான நிதியோட்டத்தை நிருவகிக்கும் பொறுப்பு, உலக வங்கியின் நிழலில் 1991இல் தோன்றிய உலகச் சுற்றாடல் வசதிக்கு இடைக்காலமாக ஒப்படைக்கப்பட்டது.

பிஜி, கிரிபாட்டி, நவுரு, பப்புவா நியூகினி, துவாலு ஆகிய நாடுகள் இதனை உணர்ந்திருந்தன. காலநிலை மாற்றத்தின் தீயவிளைவுகளுக்கான அரசுகளின் பொறுப்புத் தொடர்பாகச் சர்வதேசச் சட்டத்தின் கீழுள்ள எந்த உரிமையையும் தாம் கைவிடவில்லை என அவை பிரகடனஞ் செய்தன. மறுபுறத்தில் அமெரிக்கா, ரியோப் பிரகடனத்தின் 7ஆவது கோட்பாட்டில் வரும் ‘பொதுவான ஆயினும் வேறுபட்ட பொறுப்புகள்’ என்ற தொடர் சட்டப்பொறுப்பு எதனையும் ஏற்பதாகாது என விளக்கக்குறிப்பு எழுதியது. ஒரே நூலுக்கு இருவேறு உரைகள் அன்றே எழுதப்பட்டுவிட்டன.

அறிவுலகிலும் இப்போராட்டம் நிகழ்ந்தது. 1991இல் டில்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் வெளியிட்ட சிறுநூல், வோஷிங்டனிலுள்ள ஆய்வு நிறுவனமொன்றின் கணக்கெடுப்பு முறையைக் கடுமையாகச் சாடியது. வயிற்றுப்பாட்டுக்கான வாயுவெளியீட்டையும் ஆடம்பரத்துக்கான வெளியீட்டையும் ஒன்றாகக் கூட்டுவது எவ்வகை விஞ்ஞானம் என அது வினவியது. 1995இல் அரசாங்கங்களுக்கிடையிலான குழுவின் பொருளியற்பிரிவு இதனினும் வெட்கக்கேடான ஒன்றைச் செய்ய முனைந்தது. காலநிலை மாற்றத்தின் சேதத்தை மதிப்பிடுகையில் வறிய நாட்டு மனித உயிர் ஒன்றின் பெறுமதி செல்வந்த நாட்டு உயிரின் பெறுமதியில் பத்திலொரு பங்கு என்ற அளவில் எடுக்கப்பட்டது. இந்தியாவும் வேறு பல நாடுகளும் எதிர்த்தன. அப்பொருளியலாளர்கள் தீயநோக்கம் கொண்டோர் என யான் கூறேன். சந்தையில் எவனால் எவ்வளவு கொடுக்க இயலுமோ அதுவே அவனது உயிரின் விலை என்னும் தம் துறையின் விதியை அவர்கள் நேர்மையாகப் பின்பற்றினர். அந்நேர்மைதான் அச்சமூட்டுவது.

1997இல் கியோட்டோவில் நிகழ்ந்த உருமாற்றம், ஒரு கருத்து எதிர்க்கருத்தாக மாற்றப்படுவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். வாயுவெளியீட்டு வரம்பை மீறும் செல்வந்த நாடுகள் தண்டம் செலுத்தவேண்டும். அத்தண்டப்பணத்தைக் கொண்டு வறிய நாடுகளுக்கான தூய அபிவிருத்தி நிதியம் அமைக்கப்படவேண்டும் எனப் பிறேசில் முன்மொழிந்திருந்தது. நாடு ஒவ்வொன்றின் பங்கையும் அதன் வரலாற்றுப் பொறுப்பின் அடிப்படையில் கணிக்கும் முறையையும் அது முன்வைத்தது. சில மாதப் பேரத்தின் பின் வெளிவந்தது ‘தூய அபிவிருத்திப் பொறிமுறை’. வரம்பை மீறும் நாடு தண்டம் செலுத்தவேண்டியதில்லை. வறிய நாட்டில் மலிவான திட்டமொன்றில் முதலிட்டு, அதனால் கிடைக்கும் வரவைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பெயரின் முதலிரு சொற்கள் எஞ்சின, தண்டனை வாணிபமாயிற்று. அவ்வாணிபத்திலிருந்து 2 சதவீதம் இசைவாக்க நிதியத்துக்கு ஒதுக்கப்பட்டது. மகமை என்று நம் வணிகர் கூறும் வழக்கம் இங்கு நினைவுக்கு வருகிறது.

2009 டிசம்பரில் கோப்பன்ஹேகனில் பேரம் வெளிப்படையாயிற்று. அதற்கு முன்னரே 77 நாடுகள் குழு, செல்வந்த நாடுகளின் தேசிய உற்பத்தியில் 0.5 முதல் 1 சதவீதம் வரை கேட்டிருந்தது. சதவீதம் என்பது பொறுப்பின் மொழி. பொருளாதாரம் வளர அதுவும் வளரும். அதற்குப் பதிலாக அளிக்கப்பட்டது ஒரு நிலையான எண்: 2020 அளவில் ஆண்டுக்கு 100 பில்லியன் டொலர், அதாவது பத்தாயிரங் கோடி. அவ்வாண்டு யூனில் பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிறவுண் குறிப்பிட்ட இந்த எண்ணை டிசம்பர் 17ஆம் திகதி அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஹிலரி கிளின்டன் மாநாட்டில் அறிவித்தார். எந்நாட்டின் தேவையையும் கணக்கிட்டுப் பெறப்பட்ட எண்ணன்று அது. அறிவிப்பின் வாசகமும் நோக்கத்தக்கது: ‘வழங்குதல்’ மறைந்து ‘திரட்டுதல்’ வந்தது, அரச நிதி, தனியார் நிதி, ‘மாற்று மூலங்கள்’ யாவும் ஒரே கூடைக்குள் இடப்பட்டன. கடன்பட்டோம் என்றோ ஈடுசெய்யக் கடமைப்பட்டோம் என்றோ கூறுவதைத் தாம் முற்றாக நிராகரிப்பதாக அமெரிக்கப் பேச்சாளர் டொட் ஸ்டேர்ன் அங்கு பகிரங்கமாகவே கூறினார். அமெரிக்காவும் சீனா, இந்தியா, பிறேசில், தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளும் மூடிய அறையில் எழுதிய உடன்பாட்டைத் துவாலு, பொலிவியா, சூடான், கியூபா முதலிய சில நாடுகள் ஏற்க மறுத்தமையால் மாநாடு அதனைக் ‘கவனத்திற் கொண்டது’ மாத்திரமே. துவாலுவின் பேச்சாளர் அப்பணத்தை யூதாசின் முப்பது வெள்ளிக்காசுக்கு ஒப்பிட்டார். சில மாதங்களின் பின், உடன்பாட்டை ஏற்காத பொலிவியாவுக்கும் எக்குவடோருக்கும் காலநிலை உதவியை அமெரிக்கா நிறுத்தியது. புரவலனின் முகச்சுளிப்பு எத்தகையது என்பதை அது தெளிவுபடுத்திற்று.

இந்த 100 பில்லியன் எவ்வாறு எண்ணப்பட்டது என்பது தனியொரு நூலுக்குரிய விடயம். எண்ணும் பொறுப்பைக் கொடுப்போரின் மன்றமான பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பே ஏற்றுக்கொண்டது. 2014இல் 62 பில்லியன் டொலர் திரட்டப்பட்டதாக அது கூறியபோது, சிறப்புக் காலநிலை நிதியங்கள் ஊடாக உண்மையில் கைமாறிய தொகை 2.2 பில்லியனே என இந்திய நிதியமைச்சு 2015இல் மறுத்துரைத்தது. ஒரே ஆண்டு, ஒரே பொருள்; கணக்குகள் இரண்டு. யப்பான் இந்தோனேசியாவின் நிலக்கரி அனல்மின்நிலையங்களுக்கு அளித்த கடனைக் காலநிலை நிதியாகக் கணக்கிட்டது. இத்தாலி ஆசிய நகரங்களில் சொக்கிலேற்றும் ஐஸ்கிறீமும் விற்கும் கடைகள் திறக்க அளித்த பணத்தை அவ்வாறே கணக்கிட்டது. ஆர்ஜென்ரீனக் காட்டில் நிகழும் காதற்கதைத் திரைப்படமொன்றுக்குப் பெல்ஜியம் அளித்த பணமும் அதில் அடங்கும். கலைக்கு நிதி கிடைப்பதை இலக்கிய மாணவன் குறைகூறலாகாது. எனினும் அதன் பேரால் கடல்மட்டம் தாழ்வதில்லை.

2020இல் 83.3 பில்லியன், 2021இல் 89.6 பில்லியன் என்ற அளவில் இருந்த தொகை 2022இல் 115.9 பில்லியனாகி, இலக்கு இரண்டாண்டு தாமதித்து எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் அரச நிதியில் 69 சதவீதம் கடன். நன்கொடை 28 சதவீதம். கடன்கள் முகப்பெறுமதியில் எண்ணப்பட்டன. வட்டியோடு திரும்பிச் செல்லும் பணம் கழிக்கப்படவில்லை. 2020இன் 83.3 பில்லியனுள் உண்மையான உதவி 24.5 பில்லியனுக்கு மேற்படாது என ஒக்ஸ்பாம் நிறுவனம் மதிப்பிட்டது. தெற்கிலுள்ளோர் 1990கள் முதல் ‘சூழலியற் கடன்’ என்ற தொடரைக் கையாண்டு, வடக்கே கடனாளி என வாதித்து வந்தனர்; 2009இல் பொலிவியா ‘காலநிலைக் கடன்’ என்று அதனைப் பேச்சுவார்த்தை மேசைக்கே கொண்டுவந்தது. நடைமுறையில் நிகழ்ந்ததோ கடனாளியானவன் கடன்கொடுத்தவனுக்கே வட்டிக்குக் கடன் வழங்கியமை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் மீள்கொடுப்பனவை இடைநிறுத்த நேர்ந்த நாடொன்றின் வாசகருக்கு இந்த முரணின் கனத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விடத்து நம்மவர் தவறொன்றையும் சுட்டுதல் கடன். வடக்கு – தெற்கு என்ற எதிர்நிலையை வர்க்க எதிர்நிலையின் இடத்தில் வைத்துவிடும் போக்கு நம் முற்போக்கு எழுத்தில் மலிந்துள்ளது. 77 நாடுகள் குழு வர்க்கமற்ற சமுதாயமன்று. தன் பெருமுதலாளிகளின் வாயுவெளியீட்டை நாட்டின் ஏழைகளின் தலையில் வகுத்து, தலைக்குரிய சராசரி குறைவென வாதிக்கும் அரசுகள் அதில் உண்டு. எண்ணெய் வருமானம் குறைவதற்கே ஈடு கேட்கும் அரசுகளும் உண்டு. 2006 அளவில் ஆண்டு வெளியீட்டில் அமெரிக்காவை முந்திய சீனா, பெறுவோர் வரிசையிலிருந்து விலகவும் கொடுப்போர் வரிசையில் அமரவும் விரும்பாது நிற்கிறது. கைத்தொழிற்புரட்சி முதல் வெளியேற்றப்பட்ட காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு அமெரிக்காவினுடையது என்ற உண்மையை இவை மாற்றா. ஆனால் தலைநகருக்கு வரும் பணம் கரையோர மீனவனைச் சென்றடையும் என்பதற்கு அந்த உண்மை உத்தரவாதமுமன்று. இதனைக் காரணமாகக் காட்டிப் பணத்தையே மறுக்கும் மேற்கத்திய வாதம் வேறு. அதனை உள்ளிருந்து எழுப்பும் தெற்கின் உழைப்பாளரது வாதம் வேறு. இரண்டும் ஒரே சொற்களில் பேசப்படுவதே குழப்பத்துக்குக் காரணம்.

2013 நவம்பரில் ஹையான் சூறாவளி பிலிப்பைன்சைச் சிதைத்த சில நாட்களில் வார்சோ மாநாடு தொடங்கியது. பிலிப்பைன்சின் பேச்சாளர் யெப் சானோ உண்ணாநோன்பு இருந்தார். நட்டஈடு பற்றிய பேச்சு ஒரு நள்ளிரவுக்குப் பின் முறிந்து 77 நாடுகள் குழு வெளியேறியது. ‘இழப்பும் சேதமும்’ என்ற தொடரோடு பொறிமுறையொன்று அமைக்கப்பட்டது, பணம் அமைக்கப்படவில்லை. 2015 பாரிஸ் உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரை அத்தொடரை உடன்படிக்கைக்குள்ளேயே கொண்டுவந்தது. அதற்குரிய விலை உடன் வசூலிக்கப்பட்டது: மாநாட்டுத் தீர்மானத்தின் 51ஆம் பந்தி, அவ்வுறுப்புரை எவ்விதச் சட்டப்பொறுப்புக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படையாகாது என்கிறது. இறுதி மணித்தியாலங்களில் வேறொரு சிறு நாடகமும் நிகழ்ந்தது. செல்வந்த நாடுகள் வாயுக்குறைப்பில் முன்னணி வகிப்பது பற்றிய பந்தியில் கட்டாயத்தைக் குறிக்கும் ‘ஷல்’ என்ற ஆங்கிலச் சொல் இருப்பதை அமெரிக்கர் கண்டனர். அது எழுத்துப் பிழையென மேடையில் வாசிக்கப்பட்டு, விருப்பத்தைக் குறிக்கும் ‘ஷுட்’ ஆக மாற்றப்பட்டது. பாடபேத ஆராய்ச்சியில் காலங்கழிக்கும் நம் பதிப்பாசிரியர்கள் பொறாமைப்படத்தக்க விளைவு.

2022இல் பாகிஸ்தானை மூழ்கடித்த வெள்ளத்தின் இழப்பும் சேதமும் சுமார் 30 பில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்டது. அவ்வாண்டு 77 நாடுகள் குழுவின் தலைமை பாகிஸ்தானிடம் இருந்தது. நவம்பரில் எகிப்தின் ஷாம் அல்ஷேக்கில், முப்பத்தோராண்டு கழித்து, நிதியம் ஏற்கப்பட்டது. 2023 நவம்பர் 30ஆம் திகதி டுபாயில் அது செயலுருப் பெற்றபோது வாக்களிக்கப்பட்டது ஏறத்தாழ 700 மில்லியன். அதில் அமெரிக்காவின் பங்கு 17.5 மில்லியன். எவருக்கும் குறித்த பங்கில்லை, சூத்திரமில்லை. இருப்பிடம், இடைக்காலமாக, உலக வங்கி. 2025 மார்ச்சில் அமெரிக்கா நிதியத்தின் சபையிலிருந்தும் விலகியது. மறுமாதம் சபை முதற்கட்டக் கொடுப்பனவுக்கென ஒதுக்கிய தொகை 250 மில்லியன்.

இடையே 2024 நவம்பரில் பாக்குவில் புதிய இலக்கு பேசப்பட்டது. வறிய நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 ட்ரில்லியன், கிடைத்தது 2035 அளவில் 300 பில்லியன், அதுவும் செல்வந்த நாடுகள் ‘முன்னின்று’ திரட்டுவது. கேட்ட தொகையும் தீர்மானத்தில் இடம்பெற்றது, எல்லா மூலங்களிலிருந்தும் எல்லோரும் முயலவேண்டிய ஒரு வேண்டுகோளாக. சிறு தீவுகளும் மிகவறிய நாடுகளும் ஒரு கட்டத்தில் அறையைவிட்டு வெளியேறின. தலைவர் சுத்தியலை அடித்து முடித்த பின்னரே இந்தியப் பிரதிநிதிக்குப் பேச வாய்ப்புக் கிட்டியது. அவர் தீர்மானத்தைக் கண்கட்டு வித்தை என்னும் பொருள்படச் சாடினார்.

வனுவாத்து மற்றொரு வழியையும் தேடியது. தென்பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் சிலர் 2019இல் தொடக்கிய இயக்கத்தை அவ்வரசு கையேற்றது. 2023 மார்ச்சில் பொதுச்சபை சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைக் கோரியது. 2025 யூலை 23ஆம் திகதி ஹேக் நகரில் வெளியான அக்கருத்து, காலநிலை தொடர்பான கடப்பாட்டை மீறும் அரசு, பாதிக்கப்பட்ட அரசுகளுக்கு நட்டஈடு உட்பட முழுமையான பரிகாரம் செய்யக் கடமைப்படக்கூடும் என்றது. ஐந்து தீவு நாடுகள் கைவிட மறுத்த உரிமை இதுவே. ஆனால் மீறலுக்கும் சேதத்துக்கும் இடையே போதிய அளவு நேரடியானதும் நிச்சயமானதுமான காரணத்தொடர்பு காட்டப்படவேண்டும் என்பதையும் நீதிமன்றம் சேர்த்துக் கூறியுள்ளது. எந்தப் புகை, எந்த அலை என்ற வினா திரும்பி வந்துள்ளது. 1991இன் சூத்திரம் தவிர்த்தது அந்த வினாவையே.